மெயின் ரோலா, துணை ரோலா? ஊர் அளவில் நடிப்பு விருது கொடுப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தீபாவளிப் படங்கள் ஓடி முடிந்ததும் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் அந்த வருடத்துத் தமிழ்ப் படங்களுக்கு ஓட்டுப் போடுவோம். மேடை, மாலை எல்லாம் கிடையாது. கோயில் மண்டபத்தில் கொஞ்சம் நாற்காலி, ஒட்டுக்கடையிலிருந்து பிளாஸ்டிக் பையில் கட்டி வந்த தே (தேநீர்), ஓர் அட்டைப்பெட்டி, அவ்வளவுதான். சிறந்த படம், சிறந்த பாட்டு என்றால் பெரிதாகத் தகராறு வராது. நடிப்புக்கு வரும்போதுதான் குரல் உயரும். “அவர் மெயின் இல்லையே, எப்படி இந்த லிஸ்டுல வந்தாரு?” என்று ஒருவர் ஆரம்பித்தால் அன்றைய கூட்டம் முடிந்தது.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2023-ஆம் ஆண்டுப் படங்களுக்கான கேரள மாநில விருதில் ‘உள்ளொழுக்கு’ படத்துக்காக ஊர்வசி சிறந்த நடிகை. அதே ஆண்டுக்கான இந்திய தேசிய விருதில், அதே படம், அதே வேடம், சிறந்த துணை நடிகை. எந்த அளவுகோலை வைத்து முடிவு செய்தீர்கள் என்று அவரே வெளிப்படையாகக் கேட்டார். நியாயமான கேள்வி. உங்கள் தோட்டத்திலோ தாமானிலோ (குடியிருப்புப் பகுதியிலோ) கோயில் இளைஞர் பகுதியிலோ இப்படி ஓட்டெடுப்பு நடத்த நினைத்தால், யாராவது அதே கேள்வியைக் கேட்பதற்கு முன் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பின்பற்றும் முறையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: வேடத்தை வகைப்படுத்து, நடிப்பைப் பிறகு பேசு

இரண்டையும் ஒரே மூச்சில் பேசினால் எப்போதும் வேடம்தான் அடிபடும். “மெயின்ல போட்டா பெரிய ஹீரோகிட்ட தோத்துருவாரு, துணையில போடுங்க, கண்டிப்பா ஜெயிப்பாரு” என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் அப்படி ஒரு முதன்மை வேடத்தைக் கீழே இறக்கினால், படத்துக்கு நாலு காட்சியில் வந்து உயிரைக் கொடுத்த உண்மையான துணை நடிகருக்கு இருந்த ஒரே இடமும் போய்விடுகிறது.

ஹாலிவுட்டில் இதற்கென்றே பிரசாரம் நடக்கிறது. வயோலா டேவிஸ் ‘ஃபென்சஸ்’ நாடகத்தில் மனைவி வேடத்துக்காக 2010-இல் அமெரிக்க மேடை நாடகங்களுக்கான டோனி விருது வாங்கினார், முதன்மை நடிகையாக. அதே வேடத்தைப் படத்தில் நடித்து 2017-இல் ஆஸ்கர் வாங்கியபோது துணை நடிகை. நாடகமும் படமும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அந்த வேடம் துணை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே எங்கள் கூட்டத்தில் முதல் அரை மணி நேரம் “அருமையா பண்ணிருக்காரு” என்ற பேச்சுக்கே இடமில்லை. வேடங்களின் பெயரை மட்டும் எழுதுவோம், நடிகர் பெயரைக்கூட எழுத மாட்டோம். இது கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். பெரிய ஸ்டார் பெயர் தாளில் இருந்தால் பேனா தானாக மேலே போகிறது, அதற்காகத்தான்.

இரண்டாம் படி: கதையை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள்

ஒவ்வொருவரும் தனித்தனித் தாளில் எழுத வேண்டும், பேசிக்கொள்ளக் கூடாது. அந்த வாக்கியத்தில் யார் ஆசைப்படுகிறார், யார் செய்கிறார், யார் இழக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலான தாள்களில் ஒரே ஆள் வந்தால் வேலை முடிந்தது. பத்துக்கு ஏழு படம் இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும்.

தீராத படம் எப்படி இருக்கும் என்பதற்கு ‘பார்க்கிங்’. வீட்டின் மேல் மாடிக்குக் கர்ப்பிணி மனைவியோடு ஐ.டி. வேலைக்காரர் ஈஸ்வர் குடிவருகிறார். கீழே பல வருடமாக இருக்கும் அரசு அதிகாரி இளம்பருதி. வண்டி நிறுத்தும் இடத்துக்காக இருவரும் மோதுகிறார்கள். இளம்பருதியாக நடித்த எம்.எஸ்.பாஸ்கருக்கு 2023-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் சிறந்த துணை நடிகர் விருது கிடைத்தது. எங்கள் கூட்டத்தில் அது அப்படி எளிதாகப் போகவில்லை. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், நாங்கள் எல்லாரும் கிராணி ஐயா என்போம், “புதுசா வர்ற பையன்தானே கதையைத் தொடங்குறான்? பாஸ்கர் எதிராளி. எதிராளி துணைதான்” என்றார்.

ஈப்போவில் தாதியாக வேலை செய்யும் ஒரு தங்கச்சி விடவில்லை. “தொடங்குறது அவன்தான் ஐயா. ஆனா ஒரு செலவும் பண்ணாத மனுஷன் வீம்புக்குன்னே தானும் ஒரு கார் வாங்குறாரே, அதை யாரு சொல்லி வாங்குறாரு?”

“கோவத்துல வாங்குறான்.”

“அவர் கோவம்தானே ஐயா? ஈஸ்வரோட கோவம் இல்லையே. வீட்டுல அவரோட சம்சாரமும் மகளும் படுறது ஈஸ்வருக்குத் தெரியவே தெரியாது. நமக்குத் தெரியுது. அப்போ படம் யாரோட வீட்டுக்குள்ள போய் உட்கார்ந்துருக்கு?”

கிராணி ஐயா தேயை உறிஞ்சிவிட்டு, “சரிம்மா, உன் தாளைக் கொடு பார்ப்போம்” என்றார். அவர் எழுதியிருந்தது: ஒரு இளைஞன் பிடிவாதக்காரக் கிழவனிடம் மாட்டிக்கொள்கிறான். அவள் எழுதியிருந்தது: ஒரு கார் நிற்கும் இடத்துக்காக இரண்டு ஆண்கள் தங்கள் வீட்டையே அழித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். இரண்டாவது வாக்கியம்தான் அந்தப் படத்தை முழுசாக மூடுகிறது. எங்கள் பட்டியலில் இளம்பருதி முதன்மை. தேசிய விருதுக் குழுவோடு நாங்கள் ஒத்துப்போகவில்லை, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

மூன்றாம் படி: தனியாக விட்டுப் பாருங்கள்

அந்தத் தங்கச்சி சொன்னதே மூன்றாம் படி. கதாநாயகன் இல்லாத காட்சியில் இந்தப் பாத்திரம் என்ன செய்கிறது? நாயகனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் துணை. தன் வீட்டுப் பிரச்சினை, தன் பயம், தன் கடன் என்று தனக்கான காட்சிகள் இருந்தால், அதுவும் அவை படம் முழுக்கப் பரவியிருந்தால், முதன்மைப் பக்கம் நகர்த்துங்கள். ஒரே ஒரு சோகக் காட்சி மட்டும் போதாது. தமிழ்ப் படத்தில் டீக்கடைக்காரருக்கும் ஒரு ஃபிளாஷ்பேக் உண்டு.

பலர் சொல்லும் இன்னொரு சோதனை, ‘அந்தப் பாத்திரத்தைத் தூக்கிவிட்டால் கதை நிற்குமா’ என்பது. அதை நம்பி இறங்காதீர்கள். வில்லனைத் தூக்கினால் எந்த மசாலாப் படமும் நிற்காது. அதனால் எல்லா வில்லனும் முதன்மை ஆகிவிட முடியுமா?

நான்காம் படி: முடிவை யார் எடுக்கிறார்

கடைசி இருபது நிமிடத்தில் கதையின் திசையைத் தீர்மானிப்பவர் யார் என்று கேளுங்கள். ‘தேவர் மகன்’ இதற்கு நல்ல பாடம். சிவாஜி வரும் ஒவ்வொரு காட்சியிலும் கண் அவரைவிட்டு நகராது. அவர் பாதியில் இறந்த பிறகும் படம் முழுக்க அவர் நிழல்தான். ஆனால் அவர் விட்டுப்போன பாரத்தைச் சுமப்பதா வேண்டாமா என்று தத்தளிப்பது மகன். பெரிய தேவர் துணை வேடம், அதுவும் தமிழில் வந்த மிகப் பெரிய துணை வேடங்களில் ஒன்று. அந்த வருடம் தேசிய விருதில் அவருக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது அறிவித்தார்கள், ரேவதிக்குச் சிறந்த துணை நடிகை. துணை என்றால் மட்டம் என்று நினைக்கும் பெரியவர்களிடம் நான் இந்தப் படத்தைத்தான் சொல்வேன். சிவாஜி பெயரைக் கேட்டதும் அடங்கிவிடுவார்கள்.

ஐந்தாம் படி: நிமிடக் கணக்கு, சந்தேகம் தீராதபோது மட்டும்

கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் போதும். பாத்திரத்தின் முகமோ உடலோ திரையில் இருக்கும்போது ஓடவிடுங்கள், போனதும் நிறுத்துங்கள். உரையாடலில் எதிராளி முகத்துக்கு ஷாட் மாறும்போது நிறுத்த வேண்டாம், அவர் அந்த இடத்தில் இருக்கிறார் என்றே கணக்கு. கூட்டத்தோடு கூட்டமாக நிற்பதைச் சேர்க்காதீர்கள். பாட்டை எப்போதும் தனியாகக் குறித்துவையுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். இரண்டு பேர் தனித்தனியாக எடுத்து ஒப்பிட்டால் போதுமான கணக்கு கிடைக்கும்.

ஆனால் கணக்கை நீதிபதி ஆக்காதீர்கள், சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ படத்தில் ஆண்டனி ஹாப்கின்ஸ் திரையில் இருப்பது அரை மணி நேரத்துக்கும் குறைவு. வாங்கியது முதன்மை நடிகருக்கான ஆஸ்கர். ‘பேப்பர் மூன்’ படத்தில் டேட்டம் ஓ’நீல் என்ற சிறுமி ஏறக்குறைய படம் முழுக்க வருகிறாள். வாங்கியது துணை நடிகை ஆஸ்கர். முதலாவதில் எனக்கு அரை மனசு. இரண்டாவது தப்பு என்பதில் சந்தேகமே இல்லை.

போஸ்டரில் யார் முகம் பெரிது, டைட்டில் கார்டில் யார் பெயர் முதலில், சம்பளம் எவ்வளவு என்பதையெல்லாம் மறந்துவிடுங்கள். டோனி விருதில் நாடகத் தலைப்புக்கு மேலே பெயர் இருந்தால் முதன்மை, கீழே இருந்தால் துணை என்று ஓர் அடிப்படை விதி உண்டு. பிரிவை மாற்றச் சொல்லிக் குழுவிடம் விண்ணப்பிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். நம் சினிமாவில் டைட்டில் கார்டு வரிசை என்பது ரசிகர் மன்றத்தைச் சமாளிக்கும் வேலை.

கதாநாயகி என்ற சிக்கல்

இதுதான் எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் தின்னும் இடம். வழக்கமான பெரிய ஹீரோ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகி வருகிறார், சண்டை போடுகிறார், காதலிக்கிறார், இரண்டு பாட்டு, இடைவேளைக்குப் பிறகு ஆளைக் காணோம், கடைசியில் கடத்தப்படுகிறார். ஸ்டாப்வாட்சில் பாட்டு நேரத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். மேலே சொன்ன எந்தப் படியிலும் அவர் தேறமாட்டார். ஆனால் போஸ்டரில் இருப்பதால் மரியாதைக்காக முதன்மை நடிகைப் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். அதே படத்தில் கதையையே சுமக்கும் அம்மாவோ அக்காவோ, வயது காரணமாகத் துணைக்குப் போகிறார்.

எங்கள் விதி: முதன்மை நடிகைப் பட்டியலில் வயதும் இல்லை, ஜோடியும் இல்லை. ‘தென்மேற்குப் பருவக்காற்று’ படத்தில் நாயகன் விஜய் சேதுபதி, அவருக்கு ஜோடியும் உண்டு. ஆனால் 2010-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் சிறந்த நடிகை விருது, மகனைத் தனியாளாக வளர்த்த தாயாக நடித்த சரண்யா பொன்வண்ணனுக்குப் போனது. துணை நடிகை விருது அல்ல, முதன்மை. அந்தக் குழு நேராக யோசித்திருக்கிறது.

இந்த விதியை முதல் தடவை சொல்லும்போது ஒரு கவலை வரும்: கதாநாயகிகளை எல்லாம் கீழே இறக்கினால் முதன்மை நடிகைக்கு ஆளே இருக்காதே? சில வருடம் அப்படித்தான் இருக்கும். மூன்று பேர்தான் தேறினால் மூன்று பேரையே போடுங்கள். ஐந்து கட்டம் நிரப்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒருவருமே தேறாத வருடம் வந்தால் விருதைக் கொடுக்காதீர்கள். அந்தக் காலி இடம் அந்த வருடத்துப் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ‘படையப்பா’வில் நீலாம்பரிக்கு நாயகன் இல்லாத காட்சிகள் உண்டு, தன் வைராக்கியம் உண்டு, கதையின் திருப்பங்கள் அவள் எடுக்கும் முடிவுகள். ஜோடி சௌந்தர்யா. முதன்மை வேடம் நீலாம்பரி என்பதே என் கட்சி.

அடிக்கடி மாட்டிக்கொள்ளும் மற்ற இடங்கள்

இரண்டு பேர் கதை: இருவரையும் முதன்மையில் வைக்கத் தயங்காதீர்கள். ‘இருவர்’ என்று பெயரே வைத்த படத்தில் மோகன்லால் நாயகன், பிரகாஷ்ராஜ் 1997-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் துணை நடிகர். ‘அமடேயஸ்’ படத்தில் இசையமைப்பாளர்கள் இருவராக நடித்த எஃப்.முர்ரே ஆப்ரகாம், டாம் ஹல்ஸ் இருவரும் ஆஸ்கரில் முதன்மைப் பிரிவிலேயே போட்டியிட்டார்கள், ஆப்ரகாம் ஜெயித்தார். இதுதான் சரியான வழி. இதற்கு நேர்மாறாக 2021-இல் ‘ஜூடாஸ் அண்ட் த பிளாக் மெசையா’ படத்தின் ஜூடாஸ், மெசையா இருவருமே துணைப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார்கள். அப்படியானால் அந்தப் படத்தில் மெயின் யார், தலைப்பில் இருக்கும் ‘அண்ட்’டா?

பல கதைகள் சேர்ந்த படம்: ‘சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்’ மூன்று பெண்களின் மூன்று தனிக்கதை. சிவரஞ்சனியாக நடித்த லட்சுமி பிரியா சந்திரமௌலிக்கு 2020-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் துணை நடிகை விருது. படம் முழுவதையும் வைத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு என்பது அவர்கள் கணக்காக இருக்கலாம். நாங்கள் கதை கதையாகப் பிரிக்கிறோம். அவர் கதையில் அவர்தான் எல்லாம், முதன்மை. ‘சூப்பர் டீலக்ஸ்’ மாதிரிக் கதைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் படத்தில் இது அவ்வளவு சுலபமில்லை. விஜய் சேதுபதிக்குக் கிடைத்த துணை நடிகர் விருதை அங்கே நான் எதிர்க்க மாட்டேன், ஆதரிக்கவும் மாட்டேன்.

தலைப்பில் பெயர் இருப்பவர்: தலைப்பு ஒரு குறிப்பு, அவ்வளவே. ‘அழகர்சாமியின் குதிரை’யில் அழகர்சாமியாக வந்த அப்புக்குட்டிக்குக் கிடைத்தது தேசிய அளவில் துணை நடிகர் விருது. தொடக்கத்தில் கதை அந்த ஊருடையது, காணாமல் போன மரக்குதிரையுடையது. அவர் பிறகுதான் வருகிறார். இதை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம். வந்த பிறகு தன் நிஜக் குதிரை திரும்பக் கிடைக்குமா என்பது அவர் வாழ்க்கைப் பிரச்சினை, நாம் அதைத்தான் கவலையோடு பார்க்கிறோம் என்பதால் நான் முதன்மை என்பேன்.

சிறுவர்கள்: பிள்ளைகளை ஒதுக்கிவைக்கத் தனிப் பிரிவு வைக்காதீர்கள். ‘காக்கா முட்டை’யின் இரண்டு பையன்களும் தேசிய விருது வாங்கியது குழந்தை நட்சத்திரப் பிரிவில். கதையின் நாயகர்கள் அவர்கள். நம் நாட்டுப் படமான ‘ஜகாட்’டிலும் இதே கேள்வி வருகிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் 1990-களைக் காட்டும் படம், 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. எங்கள் ஊரில் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்த பெரியவர்கள், அது அப்பாவின் கதை என்று அடித்துச் சொல்வார்கள். பிள்ளையை அடித்தாவது படிக்கவைக்கத் துடிக்கும் அந்த மனிதரில் தங்களைப் பார்க்கிறார்கள். இளசுகளுக்கு அது மகன் அப்போயின் கதை. அப்பா, சித்தப்பாக்கள் என்று பெரியவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் எந்தப் பக்கம் போவது என்ற கேள்வி அந்தப் பையனுக்குத்தான் வருகிறது. நமக்கு நெருக்கமான பாத்திரத்துக்கும் படத்தின் முதன்மைப் பாத்திரத்துக்கும் உள்ள தூரத்தை விளக்க எனக்கு இதைவிட நல்ல படம் கிடைத்ததில்லை.

இரட்டை வேடம் என்றால் இரண்டையும் சேர்த்து ஒரே நடிப்பு. ஒரே பாத்திரத்தை இளமையில் ஒருவர், முதுமையில் ஒருவர் நடித்தால் தனித்தனி நடிப்பு. கௌரவத் தோற்றம் எந்தப் பிரிவிலும் சேராது, கைதட்டிவிட்டு நகருங்கள். தனி காமெடி டிராக் எவ்வளவு நேரம் ஓடினாலும் துணைதான்.

ஓட்டெடுப்பு

ஆஸ்கரில் துணைப் பிரிவு தொடங்கியது 1936-ஆம் ஆண்டுப் படங்களுக்கு. 1944-இல் வந்த ‘கோயிங் மை வே’ படத்தின் பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒரே நடிப்புக்காக முதன்மை, துணை இரண்டிலும் பரிந்துரை பெற்றார். துணையில் ஜெயித்தார், முதன்மையில் அதே படத்தின் பிங் கிராஸ்பியிடம் தோற்றார். அதன் பிறகு விதியை மாற்றினார்கள். இன்றைக்கு ஓட்டுப் போடும் நடிகர்களே ஒரு வேடம் எந்தப் பிரிவு என்று முடிவு செய்யலாம். தயாரிப்பாளர் சொல்வதைக் கேட்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரே நடிப்புக்கு இரண்டு பிரிவிலும் ஓட்டு விழுந்தால், தேவையான எண்ணிக்கையை எந்தப் பிரிவில் முதலில் எட்டுகிறதோ அதிலேயே நிற்கும்.

இதை நம் அளவுக்குச் சுருக்கினால் இப்படி. சிக்கலான வேடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொருவரும் ‘மு’ அல்லது ‘து’ என்று எழுதி மடித்துப் போடட்டும். கை தூக்கவைக்காதீர்கள். கோயில் தலைவரோ முன்னாள் வாத்தியாரோ கை தூக்கினால் பாதிப் பேர் கூடவே தூக்கிவிடுவார்கள். பாதிக்கு மேல் எது வருகிறதோ அதுதான் பிரிவு. சரிபாதியாக விழுந்தால் எங்கள் ஊரில் முதன்மைக்கே கொடுக்கிறோம். அதனால் அந்த நடிகரின் வாய்ப்பு குறையலாம், தெரிந்தேதான் செய்கிறோம். துணைப் பிரிவின் இடத்தைக் காப்பாற்றுவது எங்களுக்கு முக்கியம்.

பிரிவு முடிவானதும் பட்டியலில் நடிகர் பெயர்களைச் சேர்த்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். ஆட்சேபணைக்கு ஒரு வாரம் கொடுங்கள். ஆட்சேபிப்பவர் ஏதாவது ஒரு காட்சியைக் குறிப்பிட்டு எழுத வேண்டும், “எனக்குத் தோணுது” என்பதை ஏற்காதீர்கள். அந்த வாரம் முடிந்ததும் பட்டியலைப் பூட்டிவிட்டு நடிப்புக்கான ஓட்டை வாங்குங்கள். பெட்டியைத் திறந்த பிறகு யார் கேட்டாலும் பிரிவை மாற்றாதீர்கள். கிராணி ஐயா கேட்பார், அடுத்த வருடத்துத் தாளில் குறித்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்.